பாட்டியின் கையில் ரத்தக்கட்டு: வீட்டுக்குப் போகும் நர்ஸ் என்ன செய்யலாம்?

கேள்வி: "கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவில் ஒரு பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் நர்ஸாக (படுத்த நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்) சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் 78 வயதுப் பாட்டி ஒருவரின் மேற்கையில் ரத்தக்கட்டு பார்த்தேன். உடம்பும் இளைத்துக்கொண்டே போகிறது. எதைக் கேட்டாலும் மருமகள்தான் பதில் சொல்கிறார். ஏதாவது சொன்னால் இனி வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்களோ என்று பயம். சும்மா இருக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?"

இன்றைக்கே ஆபத்தா, இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தலையில் அடி, எலும்பு முறிவு, கழுத்தில் விரல் தடம், பிறப்புறுப்பில் காயம், கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்காத மயக்கம், நாள் முழுக்க வெளியே பூட்டிவிட்டுப் போவது, கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த விசிட்வரை காத்திருக்கக் கூடாது. அங்கிருந்தபடியே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் போன் செய்து, 108-ல் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடம் லேசாகவே இருக்கலாம். குரல் கம்முவதும் விழுங்க முடியாமல் போவதும் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். எம்எல்சி (காயத்தைச் சட்டப்படி பதிவு செய்யும் மருத்துவக் குறிப்பு) போடுவது டியூட்டி டாக்டரின் பொறுப்பு, போலீஸுக்குத் தகவல் அங்கிருந்து போகும். அந்த வீட்டில் உங்களுக்கே பாதுகாப்பில்லை என்று பட்டால் வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்தப் பாட்டி அந்த நிலையில் இல்லை. அப்படியானால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் தவறாமல் போய்வரும் வெளியாள் அநேகமாக நீங்கள் ஒருவர்தான் என்பதால், வாசல் மூடாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஒரே வருடத்துக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமையை அனுபவித்திருக்கிறார். 2017-18-ல் இந்தியாவில் நடந்த பெரிய முதியோர் ஆய்வில், அப்படி நடந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். நம் வீடுகள் அவ்வளவு நல்லவை என்று நான் நம்பத் தயாராக இல்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி வெளியாளிடம் சொல்லும் பழக்கம் நம் கிழவிகளுக்குக் கிடையாது.

இப்போது ரத்தக்கட்டு. வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோகும், கை லேசாக உரசினாலே முன்கையின் வெளிப்புறத்தில் ஊதாத் திட்டு வரும். பக்கவாத நோயாளி என்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ ஓடிக்கொண்டிருக்கும், அதனாலும் வரும். ஆகவே திட்டைப் பார்த்ததும் அடி என்று எழுதிவிட வேண்டாம். எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தற்செயலாக வரும் ரத்தக்கட்டில் பத்தில் ஒன்பது கைகால்களில்தான் இருக்கும் என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். காது, கழுத்து, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் அப்படி வந்து அவர்கள் பார்க்கவில்லை. அடிபட்டவர்களிடம் முகத்திலும் முதுகிலும் தடம் அதிகம், அளவும் 5 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெரிதாக இருக்கும். நிறத்தை வைத்து "இது மூன்று நாள் பழசு" என்று கணக்குப் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் நாளே மஞ்சள் தெரிந்த ஆட்களும் உண்டு. இன்னொன்று, அடிவாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்படி வந்தது என்று நினைவிருக்கிறது, மறதி உள்ளவர்கள் பலருக்கும்கூட. தற்செயலாக வந்ததுதான் பலருக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை. அதனால் கேட்டுப் பார்ப்பது வீண்வேலை இல்லை.

உங்கள் பாட்டிக்கு மேற்கையில் என்கிறீர்கள். உட்புறத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன நீள்வட்டங்கள் இருந்தால் அது விரல் பிடித்த தடம். ஆனால் பிடித்தது கோபத்திலா, தூக்கத் தெரியாமலா? படுத்த நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. செயலிழந்த பக்கத்துக் கையாக இருந்தால் தோள்மூட்டே நழுவிவிடலாம். இதற்கு நான் செய்வது ஒன்றுதான். யாரையும் எதுவும் கேட்காமல், மடித்த பெட்ஷீட்டை இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் போட்டு இரண்டு பேராகத் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பேன், அவர்களையே செய்யவும் வைப்பேன். அடுத்த இரண்டு மூன்று விசிட்டில் புதுத் தடம் வரவில்லை என்றால் விஷயம் தூக்கும் முறையில் இருந்தது. சொல்லிக்கொடுத்த பிறகும் புதிதாக வந்துகொண்டிருந்தால், அல்லது மணிக்கட்டையும் கணுக்காலையும் சுற்றிக் கயிறோ துணியோ கட்டிய வளையம் தெரிந்தால், யோசனை வேறு திசையில் போக வேண்டும்.

ஆனால் ரத்தக்கட்டைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இளைப்பு. வீட்டில் நடக்கும் கொடுமையில் அடிப்பது ஒரு பங்குதான். சோறு, தண்ணீர், மருந்து, சுத்தம், இவற்றைக் கொடுக்காமல் விடுவதும் பணத்தை எடுத்துக்கொள்வதும் அதைவிட நிறைய. இந்த வகை, நாம் எப்படியும் எடுத்தாக வேண்டிய அளவுகளிலேயே தெரிந்துவிடும். எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். நிற்க முடியாதவருக்கு மேற்கைச் சுற்றளவை ஒரே இடத்தில் டேப் வைத்து மாதாமாதம் எழுதுங்கள். காரணம் கொடுமையாகத்தான் இருக்கும் என்றில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாமல் போயிருக்கலாம், பல்செட் பொருந்தாமல் இருக்கலாம், மனச்சோர்வு, கட்டுப்படாத சர்க்கரை, வாய்ப்புண் எதுவாகவும் இருக்கலாம். உங்கள் முன்னால் நாலு கரண்டி கஞ்சி கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். இருமிப் புரையேறினால் ஒரு வழி, ஆவலாக வாங்கி வாங்கிச் சாப்பிட்டால் வேறு வழி. பசியோடு இருக்கும் மனுஷி சாப்பிடும் வேகம் நர்ஸுக்குத் தெரியாமல் போகாது. தண்ணீர் செம்பு கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கிறதா, செயலிழந்த பக்கத்தில் வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். நீர் வற்றியிருக்கிறதா என்று அறிய முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் உதவாது. நாக்கையும் மூத்திரத்தின் நிறத்தையும் பாருங்கள்.

அப்புறம் மாத்திரை அட்டை. போன முறை எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை மீதி இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது? பிபி மாத்திரை அப்படியே இருந்து தூக்க மாத்திரை மட்டும் சீக்கிரம் தீர்ந்தால் அது தகவல். பகல் பதினொரு மணிக்கும் அரைத்தூக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கு எத்தனை போடுகிறார்கள் என்று கேளுங்கள். மார்ஃபின் கொடுக்கும் வீட்டில், வலி குறையாமல் அட்டை மட்டும் காலியானால் வேறு யாரோ எடுக்கிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

படுக்கைப் புண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைசிக் கட்ட நோயாளிக்கு எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் புண் வரும், அதை வைத்துக் குடும்பத்தைக் குற்றம் சொல்வது அநியாயம். புண்ணைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. சுற்றிலும் தோல் சுத்தமாக, எண்ணெய் தடவி, பக்கம் மாற்றிப் படுக்கவைத்த அடையாளம் இருந்தால் அவர்கள் உழைக்கிறார்கள். முந்தாநாள் நீங்கள் போட்ட டிரெஸ்ஸிங் மலத்தில் ஊறிப்போய் அப்படியே இருந்தால், மூத்திரம் பட்டுத் தொடை வெந்திருந்தால், கால் நகம் வளைந்து சதையில் ஏறியிருந்தால், தலை சடைபிடித்திருந்தால், அது வேறு.

எல்லைப் பக்கத்து வீடுகளில் மட்டும் பார்க்கும் ஒரு சங்கதி உண்டு. பிள்ளைகள் முறைவைத்துப் பார்ப்பது எல்லா ஊரிலும் உண்டு, இங்கே அந்த முறை மாநிலம் தாண்டிப் போகிறது. ஒரு மாதம் கொழிஞ்சாம்பாறையில் மகள் வீடு, அடுத்த மாதம் பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ மகன் வீடு. இங்கே நீங்கள் ஒரு அட்டை எழுதுகிறீர்கள். அங்கே 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிபி, சர்க்கரை மாத்திரை வருகிறது, அதற்கு ஒரு அட்டை. சில வீடுகளில் இரண்டு பக்கத்து மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறார்கள். சில வீடுகளில் "அங்கே கொடுத்திருப்பார்கள்" என்று இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆட்டோவில் வந்து இறங்கும்போது பாட்டி எடை குறைந்திருந்தால், "அவர்கள் வீட்டில்தான் இப்படி ஆனது" என்று இரண்டு தரப்பும் சொல்லும். அதனால் வந்த அன்றும் போகும் முன்னும் எடை, தோல், மாத்திரைக் கணக்கு மூன்றையும் தேதியோடு எழுதிவிடுங்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊர்ப் பஞ்சாயத்து இல்லாமலே தெரிந்துவிடும்.

மருமகள்தான் பதில் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனித்தது சரி. ஆனால் நம் எல்லோருக்கும் மண்டையில் ஏறியிருக்கும் சீரியல் கதையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள். முழு நாளும் மலம் மூத்திரம் அள்ளுவது அந்தப் பெண்தான் என்பதால் பேசுவதும் அவராக இருக்கலாம். நான் பார்த்த வீடுகளில் பணமும் அடியும் சேர்ந்து வந்த இடங்களில் அடித்தவர் பெரும்பாலும் மகன். குடி, வேலையில்லை, அம்மாவின் பென்ஷனை நம்பி ஓடும் குடும்பம். இதை ஆராய்ந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: பெரியவர் பிள்ளையை அண்டியிருப்பதைவிட, பிள்ளை பெரியவரின் காசை அண்டியிருப்பது ஆபத்தான அறிகுறி. அத்தகைய வீட்டில் மருமகளும் அடிவாங்குபவராக இருக்கலாம். அவரைத் தனியே பிடித்து "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார், பாதி விஷயம் அதிலேயே வெளியே வரும். படுத்த நோயாளியைப் பார்ப்பவருக்குக் கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உண்டு. அது நேரத்துக்கு வருவதில்லை என்ற புலம்பலும் உண்டு, இருந்தாலும் விண்ணப்பம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஓய்வு கொடுத்தால் தீரும் வீடு, ஓய்வு கொடுத்தாலும் தீராத வீடு இரண்டும் இருக்கின்றன. முதல் வகை அதிகம்.

பாட்டியிடம் தனியாகப் பேசுவது எப்படி? இதற்குப் பெரிய தந்திரம் எதுவும் வேண்டாம், நர்ஸ் வேலையே சாக்கு கொடுக்கிறது. டிரெஸ்ஸிங், கதீட்டர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, இதற்கெல்லாம் "கொஞ்சம் வெளியே இருங்க, மறைவா செய்யணும்" என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உங்களோடு வரும் ஆஷா பணியாளரோ வாலண்டியரோ அதே நேரத்தில் மருமகளிடம் அடுக்களையில் கஞ்சி போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். எப்போது போனாலும் ஒருவர் கட்டிலை விட்டு நகரவே மறுத்தால் அதையும் எழுதி வையுங்கள்.

கேட்கும்போது "யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று ஆரம்பித்தால் "அய்யோ, அதெல்லாம் இல்லை கண்ணு" என்றுதான் வரும். கனடாவில் குடும்ப மருத்துவர்களுக்காகச் செய்த ஆறு கேள்விக் கருவி ஒன்று இருக்கிறது. ஐந்து கேள்வி நோயாளியிடம் கேட்பது, ஆறாவது மருத்துவர் தானே கவனிப்பது. நினைவு தெளிவாக உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதன் சாரத்தை நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: "குளிக்க, துணி மாத்த யார் பாட்டி உதவி பண்றாங்க?" "பசிச்சா கேட்டு வாங்கிக்க முடியுதா?" "கண்ணாடி எங்கே, போட்டுக்க விடறாங்களா? தங்கச்சி வீட்டு ஆளுங்க பார்க்க வர்றாங்களா?" "யாராவது மனசு நோகற மாதிரி, பயப்படுத்தற மாதிரி பேசறாங்களா?" "பென்ஷன் காசு யார் கையில? எதுலயாவது கைநாட்டு வைக்கச் சொன்னாங்களா?" கடைசியில், "இந்தத் தடம் எப்படி வந்துச்சு?" கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். நாம் இடைவெளியை நிரப்பிவிடுவதால்தான் பலர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடுகிறார்கள். பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தால் ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேள்வியை உடைத்துக் கேளுங்கள். "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். "உங்களைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டேன், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லியாகணும்" என்று சொல்லுங்கள், அது உண்மை.

நீங்கள் தமிழ் பேசுவது இங்கே பெரிய வசதி. மலையாளம் மட்டும் தெரிந்த சிஸ்டர் வந்தால் மகனோ மருமகளோதான் மொழிபெயர்ப்பார், பாட்டி சொன்னது பாதி வழியில் மாறிவிடும். தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் இதே தொல்லை. டியூட்டி டாக்டருக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள், தமிழ் தெரிந்த ஸ்டாஃப் யாராவது பாட்டியைத் தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக் காயத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது.

அடுத்தது எழுதுவது. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. "முதியோர் கொடுமை என்று சந்தேகம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை, நாளைக்கு உங்களையே அது மாட்டிவிடும். உதாரணமாக, இப்படி எழுதுங்கள்: "வலது மேற்கை உட்புறம் 3 ரத்தக்கட்டு, ஒவ்வொன்றும் சுமார் 2 செ.மீ., ஊதா. முதுகில் இடது தோள்பட்டைக்குக் கீழே 6 செ.மீ., மஞ்சள் கலந்த பச்சை. 'பையன் இழுத்துப் போட்டான்' என்று நோயாளி சொன்னார். 'கட்டிலில் இடித்துக்கொண்டார்' என்று மருமகள் சொன்னார். ஆஸ்பிரின் 75 மி.கி. தினமும். எடை போன மாதம் 46, இன்று 43." தேதி, நேரம், கூட இருந்தவர் யார், உங்கள் கையெழுத்து. சொன்னவர் வார்த்தை சொன்னபடியே இருக்கட்டும், மலையாளத்தில் எழுத வேண்டியிருந்தாலும் பாட்டியின் தமிழ் வாக்கியத்தை அப்படியே மேற்கோளில் போடுங்கள். உடல் படம் வரைந்து குறிப்பது போட்டோவைவிட நல்லது. போட்டோ எடுக்கத்தான் வேண்டும் என்றால் பாட்டியின் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லி எடுங்கள். உங்கள் சொந்த போனில் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவது அவரை இரண்டாம் முறை அவமானப்படுத்துவது. வீட்டிலேயே வைத்துப்போகும் நோட்டில் இதை எழுதிவிடாதீர்கள், அதை முதலில் படிப்பது மகன்தான்.

யாரிடம் சொல்வது? முதலில் உங்கள் மருத்துவ அதிகாரியிடம். இதை ஒரு நர்ஸ் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. 2008-ல் பாலியேட்டிவ் கொள்கை வந்தபோதே கேரளத்தில் இது குழு வேலையாகத்தான் அமைந்தது. ஆனால் அந்தக் குழுவில் பஞ்சாயத்து மெம்பரும் உள்ளூர் வாலண்டியர்களும் இருப்பார்கள், நம் ஊரில் யாரும் யாருக்காவது சொந்தமாகத்தான் இருப்பார்கள். நீங்கள் காலையில் சொன்னது மத்தியானம் மகன் காதுக்குப் போனால் ராத்திரி பாட்டிக்குத்தான் விழும். அதனால் தேவைப்படும் ஆளுக்குத் தேவைப்படும் அளவு மட்டும்.

பாட்டி சம்மதித்தால் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 இருக்கிறது. சட்டப்படி போக வேண்டுமென்றால் 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். சித்தூர் தாலுகாவுக்குத் தீர்ப்பாயம் பாலக்காடு வருவாய்க் கோட்ட அதிகாரி (ஆர்டிஓ). வக்கீல் வேண்டாம். பாட்டியால் போக முடியாவிட்டால் அவர் அனுமதி கொடுத்த வேறொருவரோ அமைப்போ மனு கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். எல்லைக்காரர்களுக்கு இதில் முக்கியமான பிரிவு 6. பெரியவர் இப்போது இருக்கும் மாவட்டம், கடைசியாக இருந்த மாவட்டம், பிள்ளை இருக்கும் மாவட்டம், எதில் வேண்டுமானாலும் மனு போடலாம். மகன் கோயமுத்தூரில் இருக்கிறான், நாங்கள் கேரளா, ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனுவைத் தமிழில் எழுதலாம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் அதற்குக் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. பராமரிக்க வேண்டிய பெரியவரைக் கைவிட்டுப் போனால் மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இன்னொரு விஷயம், பிள்ளைகள் உள்ள பெரியவரைப் பராமரிக்கும் கடமை அந்தச் சட்டத்தில் மகன், மகள், பேரன், பேத்திக்குத்தான். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை.

சொத்தை எழுதி வாங்கிய பிறகுதான் பல வீடுகளில் சோறு குறைகிறது. தென்னந்தோப்பை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்த மறு வருஷம் கட்டில் திண்ணைக்கு வந்துவிடும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பார்க்காமல் விட்டால், பிரிவு 23-ன் கீழ் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் கேஸ் கடினம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, அதற்காக நிபந்தனையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. இன்னும் எழுதிக்கொடுக்காத பெரியவர் யாராவது உங்களிடம் பேச்சுவாக்கில் கேட்டால், அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் நாம் போக வேண்டாம்.

பெண் என்பதால் 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டமும் இந்தப் பாட்டிக்குப் பொருந்தும். அது இளம் மனைவிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தாய் மகன்மீது புகார் கொடுக்கலாம். 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாமியார் மருமகள்மீதும் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அதிகாரிக்கு (இந்தச் சட்டப்படி புகாரைப் பெறும் அரசு அதிகாரி) தகவல் சொன்னவர்மீது சிவிலோ கிரிமினலோ எந்தப் பொறுப்பும் வராது என்று பிரிவு 4 சொல்கிறது. பயந்துகொண்டிருக்கும் நர்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2025-ல் கேரளம் முதியோர் ஆணையத்துக்கே தனிச் சட்டம் போட்டது, இந்தியாவில் அதுதான் முதல். அதனால் கொழிஞ்சாம்பாறையில் நாளை காலை என்ன மாறும் என்று கேட்டால், உடனே ஒன்றும் இல்லை.

எல்லாம் விசாரித்த பிறகு பாட்டி, "வேண்டாம் கண்ணு, அவன் பாவம், குடிச்சாத்தான் அப்படி" என்று சொல்லலாம். பெரும்பாலும் அதுதான் நடக்கும். புத்தி தெளிவாக உள்ளவர் மறுத்தால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, அது அவர் முடிவு. அவரை மீறிப் புகார் கொடுத்து, மகன் ஜாமீனில் வந்த பிறகு அதே வீட்டில் அவர் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மறுத்தாலும் செய்ய நிறைய இருக்கிறது. விசிட்டை அடிக்கடியாக்கலாம். நாள் சொல்லாமல் போகலாம். பக்கத்து வீட்டு அக்காவைத் தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லலாம். 2025 நவம்பரிலிருந்து 2,000 ரூபாயாக இருக்கும் நலப் பென்ஷனைக் கொண்டுவந்து தரும் கூட்டுறவு வங்கி ஆளிடம், பாட்டியின் கையிலேயே கொடுக்கும்படி சொல்லலாம். மகனின் குடிக்குச் சிகிச்சை கேட்டு அவனிடமே பேசலாம். அடுத்த மாதம் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம். மூன்றாம் தடவையில் சொல்பவர்கள் உண்டு.

மறதி நோய் உள்ளவர்களின் கதை கஷ்டம். "என் நகையைத் திருடிட்டாங்க, சோறே போடலை" என்பது நோயின் பேச்சாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். நோய்ப் பேச்சு என்று தள்ளிவிடாமல், சொன்னதை எடையோடும் மாத்திரைக் கணக்கோடும் ஒட்டிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒருவர் பக்கத்தில் வரும்போது மட்டும் உடம்பு சுருங்குகிறதா, கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறாரா என்று கவனியுங்கள். சம்மதம் தரும் நிலையில் அவர் இல்லாததால் இங்கே முடிவு மருத்துவரும் குழுவும் எடுக்க வேண்டியது, பாட்டியின் மறுப்பைச் சொல்லி நாம் ஒதுங்க முடியாது.

வீட்டைப் பற்றியே பேசிவிட்டேன். வசதியான வீடுகளில் வைத்திருக்கும் ஹோம் நர்ஸ்களில் பலருக்குப் பயிற்சி கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆள். நிறுவனங்களும் மோசம்தான். முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களின் ஊழியர்களில் மூன்றில் இருவர் தாங்களே கடந்த ஒரு வருடத்தில் ஏதோ ஒரு கொடுமை செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இதுவும் உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. கட்டிலில் கையைக் கட்டுவது, பெல் அடித்தால் போகாமல் இருப்பது, "கிழவி" என்று கூப்பிடுவது, வேலை சுலபமாகட்டும் என்று டயப்பர் கட்டிவிடுவது எல்லாம் அதில் சேரும். அங்கே நடப்பதை எழுதுவதும் இதே மாதிரிதான்.

உங்கள் பாட்டிக்கு வருவோம். அடுத்த விசிட்டில் டேப்பும் எடை மெஷினும் கொண்டுபோங்கள், மாத்திரைகளை எண்ணுங்கள், தூக்கும் முறையை மருமகளுக்கும் முடிந்தால் மகனுக்கும் சொல்லிக்கொடுங்கள், அப்புறம் டிரெஸ்ஸிங் சாக்கில் பத்து நிமிஷம் தனியாக இருங்கள். முதுகையும் காதுக்குப் பின்னாலும் பார்க்க மறக்காதீர்கள். திரும்பும் வழியிலேயே எழுதி, அன்றைக்கே மெடிக்கல் ஆபீசரிடம் காட்டிவிடுங்கள். வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்டால் "எல்லா நோயாளிக்கும் மாசம் ஒருக்கா இப்படிப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது என்றால், எல்லா நோயாளிக்கும் அப்படியே செய்ய ஆரம்பித்துவிடுங்கள்.